அம்மாவின் எவர்சில்வர் பாத்திரங்களும் ஒரு படக்குழுவும்: அனுபவப் பகிர்வு

தாராவியில் வளர்ந்த உறுப்பினர்:

மும்பையில், தாராவியின் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அந்த வேலை அருகிப் போன பிறகு எங்கள் குடும்பம் இட்லியால் பிழைத்தது. அம்மா அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார். ஐந்தரை மணிக்கெல்லாம் அப்பா அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தோம். மழைக்காலத்தில் உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்த இரவுகளும் உண்டு. ஆகவே எங்கள் வீட்டில் வறுமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையின் ஒரு சுவர் முழுவதும் பலகை அடித்து, அம்மா வரிசையாக அடுக்கிவைத்திருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தச் சுவர்தான்.

2009 பிப்ரவரியில், மும்பைச் சேரிச் சிறுவன் ஒருவனின் கதையைச் சொன்ன ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படம் எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்று, அவற்றில் இரண்டை ஏ.ஆர்.ரகுமான் வாங்கி, மேடையில் தமிழில் இறைவனைப் புகழ்ந்தபோது எங்கள் சந்தில் வெடி வெடித்தோம். அந்த மகிழ்ச்சி உண்மையானது; இன்றைக்கும் அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அதன் பிறகு எங்கள் பகுதிக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெருகினார்கள். அடுத்த ஆண்டு, நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெளிநாட்டு ஆவணப்படக் குழு எங்கள் வீட்டுக்கே வந்தது. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இந்தியில் பேசி, இட்லி சுடுவதைப் படம் எடுக்க அனுமதி வாங்கினார். அம்மா முந்தின நாளே பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து அடுக்கிவைத்தார்.

வந்தவர்கள் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம், பாத்திரங்கள் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கின்றன, கேமராவுக்குக் கண் கூசுகிறது, கொஞ்ச நேரம் அவற்றை எடுத்துவிடலாமா என்று கேட்டார். நானும் தங்கையும் அவற்றைச் சாக்கில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த தங்கையை வீட்டு உடைக்கு மாறச் சொன்னார்கள். அது கண் கூச்சத்துக்காகக் கேட்டதல்ல என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. முடிவில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கத் தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதன் நகல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியில் ஒரு நண்பன் அந்தப் படத்தை இணையத்தில் கண்டுபிடித்துக் காட்டினான். அதைப் பார்க்க அங்கே பணம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குக் காட்டினேன். வெறும் சுவர், புகை, குனிந்திருக்கும் அம்மா. அவர் கடைசிவரை பேசாமல் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “நம்ம பாத்திரமெல்லாம் எங்கடா?”

அந்தப் படம் எவ்வளவு சம்பாதித்தது என்பதை நான் பெரிதாக எண்ணவில்லை. படம் எடுப்பதற்குச் செலவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, அதை எடுத்தவர்கள் லாபம் பார்ப்பதில் தவறில்லை. என்னை உறுத்துவது வேறு. அந்தப் பணத்தில் அம்மாவுக்கு உரிமையாக எதுவும் எழுதப்படவில்லை. அவருக்குக் கிடைத்ததெல்லாம் எவரோ மனமிரங்கிக் கொடுத்ததாகவே இருந்தது. ஸ்லம்டாக் மில்லியனரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1.5 கோடி டாலர் செலவில் உருவான அந்தப் படம் உலகெங்கும் 37 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் நடித்த குழந்தைகளில் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் பாந்த்ரா ரயில் நிலையத்தை ஒட்டிய கரீப் நகரில் வசித்தவர்கள். ஆஸ்கர் விழா முடிந்து மூன்று மாதத்துக்குள், 2009 மே மாதத்தில், அதிகாரிகள் அந்தச் சிறுவனின் குடிசையை இடித்தார்கள். சில நாட்களில் சிறுமியின் வீடும் இடிபட்டது. படக்குழு அவர்களுடைய படிப்புக்கும் வீட்டுக்குமாக ஓர் அறக்கட்டளையை அமைத்திருந்தது, சிறுவனின் குடும்பத்துக்கு அடுக்குமாடி வீடும் வாங்கிக் கொடுத்தது. அதை நான் மதிக்கிறேன். செய்யாமலே போயிருக்கலாம், செய்தார்கள். ஆனால் எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையில் என்பதையெல்லாம் கொடுப்பவரே தீர்மானிக்கும்போது, பெறுகிறவர் நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. 2011-இல் கரீப் நகரில் தீப்பிடித்தபோது அந்தச் சிறுமியின் குடிசையும் எரிந்துபோனது.

சென்னையிலிருந்து, உதவி இயக்குநராக இருந்த உறுப்பினர்:

நான் மறுபக்கத்தில் நின்றவன் என்பதால் இதை எழுதக் கை நடுங்குகிறது. வடசென்னையை மையமாகக் கொண்ட ஒரு படத்துக்காக மீனவர் குடியிருப்பிலிருந்து பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். அவனுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பேசினோம். அவனுடைய அப்பாவுக்கு அது கடலுக்குப் போய்வருவதைவிடக் கூடுதலான தொகை. ஒப்பந்தத்தாளை அவருக்கு வாசித்துக் காட்ட எங்களுக்கு நேரமில்லை என்று அன்று நினைத்தேன். படம் விருது விழாக்களுக்குப் போனது, நல்ல விலைக்கு விற்றது. படப்பிடிப்பு முடிந்தபோது வருகைப்பதிவு போதாமல் அவன் அந்த ஆண்டுத் தேர்வு எழுதவில்லை. பிறகு பள்ளிக்கே போகவில்லை. அடுத்த படம் எப்போது என்று கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு ஒவ்வொரு வாரமும் வருவான். அவன் வந்திருப்பதாகச் சொன்னால் பின்வாசல் வழியாக வெளியே போகத் தொடங்கினேன். இப்போதும் சில இரவுகளில் அந்தப் பின்வாசல் நினைவுக்கு வருகிறது.

மேலே எழுதியவர் உரிமை என்று சொன்னதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2017-இல் வந்த மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் விதிகள், குழந்தை நடிகர் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல், இடைவேளை இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். குழந்தையின் வருமானத்தில் இருபது விழுக்காட்டையாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பதினெட்டு வயதானதும் அது அந்தக் குழந்தையின் கைக்கே வரும். நான் வேலை பார்த்த படம் அந்த விதிகளுக்கு முந்தையது. அப்போதே அவை இருந்திருந்தால் அந்தப் பையனின் பெயரில் ஒரு வங்கிக் கணக்காவது மிஞ்சியிருக்கும். ஆனாலும் அந்த விதி சம்பளத்தில் பங்கு கேட்கிறதே தவிர, லாபத்தில் கேட்கவில்லை. நடிக்காமல் தன் வீட்டையும் முகத்தையும் மட்டும் தந்த அந்த அம்மாவைப் போன்றவர்களை அது தொடுவதும் இல்லை.

பாத்திரங்களை ஒளித்துவைத்த செய்தியைப் படித்ததும், கொலம்பியாவில் காலி (Cali) என்ற பெயருடைய நகரத்தைச் சேர்ந்த லூயிஸ் ஒஸ்பினா, கார்லோஸ் மயோலோ ஆகிய இருவரும் 1970-களின் பிற்பகுதியில் எடுத்த ஒரு குறும்படம் நினைவுக்கு வந்தது. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக ஏழைகளைத் தேடி அலையும் ஒரு படக்குழுவைப் பற்றிய படம் அது. ஒரு குடிசைக்குள் நடிகர்களை உட்காரவைத்து வறுமைக் காட்சி எடுக்கும்போது, அந்த வீட்டுக்காரர் உள்ளே பாய்ந்து வருவார். வாயை அடைக்க அவரிடம் நீட்டப்பட்ட பணத்தாள்களை வாங்கி, கால்சட்டையை இறக்கி, தன் பின்புறத்தைத் துடைத்துக்கொள்வார். நான் அதைப் பார்த்த திரையிடலில் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை, ஏனென்றால் அந்தத் தாள்களை நீட்டிய கை எனக்குப் பழக்கமான கை.

டில்லியில் வசிக்கும் உறுப்பினர்:

சுருக்கமாக ஒன்று. இங்கே பஹார்கஞ்ச் பகுதியில், தெருக் குழந்தைகளுக்கான சலாம் பாலக் அறக்கட்டளை நடத்தும், அந்தப் பகுதியைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணத்துக்கு ஒருமுறை என் மாணவிகளை அழைத்துப் போனேன். மீரா நாயரின் 1988-ஆம் ஆண்டுப் படமான ‘சலாம் பாம்பே’யின் வருவாயிலிருந்து தொடங்கப்பட்ட அமைப்பு அது. தெருவில் வளர்ந்தவர்களே அந்த நடைப்பயணங்களை நடத்துகிறார்கள். எங்களை அழைத்துச் சென்ற இளைஞர், ரயிலேறி ஓடிவந்த தன் கதையைச் சொல்லிவிட்டு, “எந்த இடத்தில் படம் எடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை நான் சொல்வேன்” என்றார். என் மாணவிகள் கைப்பேசிகளைப் பைக்குள் வைத்தார்கள். வருவாய் ஓர் அமைப்பாக நிலைத்திருப்பதால் அவர் அப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அதே படத்தின் முதன்மைச் சிறுவன், தேசிய விருது பெற்ற பிறகும், பெங்களூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆட்டோ ஓட்டுவது இழிவல்ல. நடிப்பைத் தொடர விரும்பிய ஒருவருக்கு வழி அடைந்துபோனதைத்தான் சொல்கிறேன்.

தாராவியில் வளர்ந்த உறுப்பினர்:

சென்னை நண்பருக்கு: நீங்கள் அதை எழுதியதற்கு நன்றி. அந்தப் பையனை இன்னும் தேடிப் பிடிக்க முடியும் என்றால் தேடுங்கள். இப்போது அவருக்கும் வயதாகியிருக்கும். என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு திரைப்படக் கல்லூரி மாணவிகள் இருவர் அம்மாவைப் படம் எடுக்கக் கேட்டு வந்தார்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பார்க்கிறேன் என்றார் அம்மா. அடுத்த வாரமே அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பவர். இரண்டு மாலை அடுப்படியில் உட்கார்ந்து அதை வாசித்தார். ‘காட்சிக்குத் தேவையான மாற்றங்களை வீட்டில் செய்துகொள்ளலாம்’ என்ற வரியைப் பென்சிலால் அடித்தார். படம் விற்றால் எவ்வளவு வரும் என்ற இடம் காலியாக இருந்ததால், அதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனார்கள். இன்னும் வரவில்லை.