புதுப்பிப்பு: ரெண்டு சின்ன ஏர்போர்ட்டுக்கு நடுவுல தூரம், நேரம் குழப்பம் தீந்துச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒரு சைட்டுல தூரம் 230, இன்னொண்ணுல 426ன்னு வருது, எது சரின்னு கேட்டிருந்தேன்ல, ரெண்டுமே சரிதான், முதல்ல இருந்தது நாட்டிக்கல் மைல் (கப்பல், விமான தூரத்துக்கான அளவு), கிலோமீட்டராக்க 1.852ஆல பெருக்குங்கன்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் விடை, கச்சிதமா 426 கிலோமீட்டர் வந்துச்சு. டிக்கெட்டுல 1 மணி 20 நிமிஷம் போட்டிருந்தது பறக்குற நேரம் மட்டும் இல்ல, விமானம் ஏர்போர்ட் கேட் (ஏறுற வாசல்) விட்டு நகர்றதுல இருந்து, போய் இறங்கி நிக்கிற வரைக்கும். நான் போனது ஏடிஆர் 72ங்கிற சின்ன விசிறி விமானம், இறக்கை விசிறி சுத்துறத பாத்துட்டே வாட்ச்ல குறிச்சேன், டயர் தரைய விட்டதுல இருந்து தொட்டது வரை 58 நிமிஷம்தான். எதிர்பாக்காதது, திரும்பி வரும்போது எதிர்காத்து, அதே தூரத்துக்கு 9 நிமிஷம் கூடிடுச்சு.