மறுமொழி: டெக்கீலாவுக்குக் ‘கள்ளிச்சாராயம்’ என்ற சொல் சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்,

நம் கலைச்சொல் பட்டியலில் மெக்சிகோவின் டெக்கீலாவுக்கு என்ன சொல் வைப்பது என்ற இழை நீண்டுவிட்டது, ஆளுக்கொரு மடல் போடாமல் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> டெக்கீலா கள்ளியில் இருந்து எடுப்பதுதானே. ‘கள்ளிச்சாராயம்’ என்றே பட்டியலில் ஏற்றிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கிறது.

ஏற்றவே கூடாது ஐயா. டெக்கீலா பற்றி உலகம் முழுக்கப் பரவியிருக்கும் தப்பான செய்திகளில் முதலாவது இதுதான், அதை நாமே ஒரு கலைச்சொல்லாக்கி நிரந்தரமாக்கிவிடுவோம். டெக்கீலா எடுக்கும் செடிக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் ஒரு உறவும் கிடையாது. 1902-ல் வெபர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதற்கு ஆகேவ் டெக்கிலானா என்று பெயர் வைத்தார், இன்றைய வகைப்பாட்டில் அது நம் தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. கள்ளி போலவே வறண்ட நிலத்தில் முள்ளோடு நிற்கிறது என்பதால் வந்த குழப்பம் இது. அதோடு, தமிழில் கள்ளி என்றதும் கள்ளிப்பால்தான் நினைவுக்கு வரும், கள்ளிப்பால் என்றால் விஷம். குடிக்கிற ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

> அப்படியானால் ‘கற்றாழை’ போதுமே?

பாதி சரி. வெறுமனே கற்றாழை என்றால் இன்றைக்குப் பத்துப் பேரில் ஒன்பது பேர் சோற்றுக்கற்றாழையைத்தான் நினைப்பார்கள், முகத்துக்குப் பூசுகிறோமே அது. அது வேறு குடும்பம். ஆனால் ஆகேவுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: ஆனைக்கற்றாழை. அமெரிக்காவில் இருந்து வந்து நம் ஊர் வேலி ஓரங்களில் வளர்ந்து நிற்கும் பெரிய செடி, ஆகேவ் அமெரிக்கானா, அதைத்தான் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. பேரினம் முழுவதற்கும் ஆனைக்கற்றாழை, டெக்கீலாவுக்கான இனத்துக்கு நீல ஆனைக்கற்றாழை என்று வைத்துக்கொள்ளலாம்.

> சாராயம் என்ற சொல் கொச்சையாக இருக்கிறது. ‘வடிமது’ என்று நாகரிகமாக வைக்கலாமே.

சாராயம் கொச்சை என்பது தமிழ்நாட்டில் கள்ளச்சாராயச் செய்திகளைப் படித்துப் படித்து வந்த கூச்சம். இலங்கையில் தென்னஞ்சாராயம் கடையில் சட்டப்படி விற்கிற பொருள், அங்கே யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல முகம் சுளிப்பதில்லை. நொதிக்க வைத்து அப்படியே குடித்தால் கள், காய்ச்சி வடித்தால் சாராயம் என்ற பிரிவு தமிழில் தெளிவாகவே இருக்கிறது. மெக்சிகோவிலும் அதே பிரிவு உண்டு, பெரிய ஆனைக்கற்றாழைகளின் நடுவைக் குடைந்து ஊறும் சாற்றை எடுக்கிறார்கள், அது நொதித்தால் புல்கே. அது கள்தான். வடித்த வகைகள் எல்லாம் சாராயம். ‘மது’ என்றால் பீர், ஒயின் எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் ஆனைக்கற்றாழைச் சாராயம் என்பதே பொதுச்சொல்லாக இருக்கட்டும், நீளம்தான், இருந்தாலும் படித்தவுடன் புரியும்.

சரி, டெக்கீலாவை என்ன செய்வது? அதை மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா என்றே ஒரு ஊர் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. 1974-ல் மெக்சிகோ அரசு அதைப் பிறப்பிடம் சார்ந்த பெயராகப் பாதுகாத்தது. ஹலிஸ்கோ முழுவதிலும், குவானஹுவாதோ, மிச்சோவாகான், நயாரித், தமாவுலிபாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். இந்தியாவிலும் தக்காணத்து ஆனைக்கற்றாழையை வைத்து வடித்து கோவாவில் விற்றிருக்கிறார்கள், டெஸ்மண்ட்ஜி என்று ஒன்று, அதன் புட்டியில் டெக்கீலா என்று எழுத முடியாது. இப்போது பொதுச்சொல் ஏன் தேவை என்பது புரியும். டெக்கீலா, மெஸ்கல், நம் தக்காணத்துச் சரக்கு மூன்றுமே ஆனைக்கற்றாழைச் சாராயம், அதில் ஒன்றுக்குத்தான் டெக்கீலா என்ற பெயருக்கு உரிமை.

> செய்முறைச் சொற்கள் எதுவும் பட்டியலில் இல்லையே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. ஆறேழு வருடம் வளர்ந்த செடியின் வாள் போன்ற மடல்களை ஹிமதோர் என்கிற வெட்டுக்காரர் சீவி எறிவார். கையில் நீண்ட பிடி வைத்த கருவி, முனையில் வட்டமான எஃகுத் தகடு, அதற்குக் கோஆ என்று பெயர். ஒரு காலால் செடியை அழுத்திக்கொண்டு சுற்றிச் சுற்றிச் சீவினால் கடைசியில் வெள்ளையும் பச்சையும் கலந்த, அன்னாசிப்பழம் போன்ற உருண்டை மிஞ்சும். சாதாரணமாகவே 30, 40 கிலோ இருக்கும். ஒரு நண்பர் இதைக் ‘கிழங்கு’ என்று எழுதியிருந்தார். அது மண்ணுக்கு அடியில் விளைவதில்லை, தண்டும் மடல்களின் அடிப்பகுதியும் சேர்ந்தது. வாழைக்கட்டை என்கிறோமே, அந்த வழியில் கற்றாழைக்கட்டை என்று முன்மொழிகிறேன்.

இந்தக் கட்டையில் இருப்பது நேரடியாக நொதிக்கும் சர்க்கரை இல்லை, ஃப்ரக்டான் என்ற நீண்ட சங்கிலி. சூட்டில்தான் உடைந்து சர்க்கரையாகும். டெக்கீலாவுக்குச் செங்கல் அடுப்பிலோ அழுத்தக் கலனிலோ நீராவியில் அவிப்பது வழக்கம், மெஸ்கலுக்குப் பெரும்பாலும் குழி வெட்டி விறகுத் தீயில் சூடேற்றிய கற்கள் மேல் போட்டு மூடிச் சுடுவார்கள். பனங்கிழங்கை அவித்துத் தின்பதற்கும் சுட்டுத் தின்பதற்கும் உள்ள வேறுபாடு வாயில் தெரியுமே, மெஸ்கலின் புகைமணம் அப்படி வருவதுதான். ஆகவே ‘வெப்பப் பதனம்’ மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போடாமல் அவித்தல், சுடுதல் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். நொதிக்கும் சாற்றுக்கு ‘ஊறல்’ போதும். இது போலீஸ் செய்தியில் வருகிற சொல்லாயிற்றே என்று தயங்க வேண்டாம், தொழிலின் சொல் அதுதான்.

டெக்கீலா குடித்தால் எடை குறையும், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சுற்றுக்கு வரும் செய்திக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த நல்ல பெயரெல்லாம் பச்சைக் கட்டையில் உள்ள ஃப்ரக்டானுக்கு உரியது. அவிக்கும்போது அது சர்க்கரையாகி, பிறகு ஆல்கஹாலாகிறது, உடையாமல் மிஞ்சினாலும் ஆவியோடு ஏறி வராது. புட்டியில் கிடைப்பது மற்ற சாராயங்களில் உள்ள அதே ஆல்கஹால்.

> புட்டியில் புழு?

டெக்கீலாவில் இல்லை. சில மெஸ்கல் புட்டிகளில் போடுவது, விற்பனைக்காக வந்த பழக்கம்.

> ‘ஷாட்’ என்பதற்கு ‘ஒரே மடக்கு’ நன்றாக இருக்கிறது.

சொல்லாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டெக்கீலா பதிவின் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அதை வைக்காதீர்கள். உப்பை நக்கி, ஒரே மடக்காக விழுங்கி, எலுமிச்சையைக் கடிப்பதுதான் முறை என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது. சர்க்கரையில் 51 சதவீதம் ஆனைக்கற்றாழையில் இருந்து வந்தாலே டெக்கீலா என்று போடலாம், மீதி கரும்புச் சர்க்கரையாகவும் இருக்கலாம், அந்தக் கலப்புச் சரக்கின் காரத்தை மறைக்க உப்பும் எலுமிச்சையும் உதவும். நூறு சதவீதம் என்று எழுதிய புட்டியை வாங்கி, அறை வெப்பத்திலேயே, மிடறு மிடறாகக் குடித்துப் பாருங்கள். மரப்பீப்பாய் படாத பிளாங்கோவில் அவித்த கட்டையின் இனிப்பும் மிளகுக் காரமும் பச்சை வாசமும் தெளிவாகத் தெரியும். ஹலிஸ்கோவில் பக்கத்தில் சங்க்ரிதா என்று ஆரஞ்சுச் சாறும் மிளகாயும் சேர்ந்த ஒரு பானம் வைத்து, மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். பொன்னிறமாக இருந்தால் பழையது என்றும் நினைக்க வேண்டாம், கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது.

பீப்பாய் வகைகளுக்கு ‘ஓய்ந்த டெக்கீலா’, ‘மூத்த டெக்கீலா’ என்று வந்த பரிந்துரைகளை ஏற்க முடியவில்லை. ரெபொசாதோ என்றால் பீப்பாயில் குறைந்தது 2 மாதம், அன்யெஹோ குறைந்தது 1 வருடம், எக்ஸ்ட்ரா அன்யெஹோ 3 வருடம் என்று சட்டமே அளந்து வைத்த பெயர்கள், புட்டியில் இருப்பதைத்தான் வாசகர் தேடுவார். பெயரை அப்படியே வைத்து விளக்கத்தைத் தமிழில் எழுதுவோம்.

ஆனைக்கற்றாழைக்கு உங்கள் ஊர்ப்பக்கம் வேறு பெயர் புழக்கத்தில் இருந்தால் எந்த ஊர் என்பதோடு எழுதுங்கள், பதிவில் அதையும் சேர்க்க வேண்டும்.

அன்புடன்.