டைகர் மோத்: பாதிப் பாடம் தரையில்தான்

டைகர் மோத் 1931-ல் முதன்முதலில் பறந்த பிரிட்டிஷ் பயிற்சி விமானம். ஃப்ளைட் சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு) இதை ஓட்டுபவர்களுக்கான குறிப்பு இது. பிரேக் இல்லை, வால் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை, பேட்டரியும் ஸ்டார்ட்டரும் இல்லை. செஸ்னா (அமெரிக்கச் சிறு விமானம்) ஓட்டிய கையோடு வருபவர்கள் முதலில் செட்டிங்கில் தானியங்கி ரட்டர் உதவியை அணைத்துவிடுங்கள். ரட்டர் என்பது மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை, கால் பெடலால் இயங்கும். அந்தத் தானியங்கி உதவி இருக்கும்வரை இங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. தனியாகப் பறந்தால் பின் இருக்கைதான். எடைச் சமநிலை அப்படி.

ஸ்டார்ட் செய்யும் முன் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். சுவிட்ச் அணைந்த நிலையில் கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டும்வரை பிரைம் செய்து (முன்கூட்டியே எரிபொருள் நிரப்பி), புரொப்பெல்லரைச் சில முறை கையால் சுற்றி, த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) கொஞ்சமே கொஞ்சம் திறந்து, பிறகு சுவிட்ச் போட்டு வீசிச் சுழற்ற வேண்டும். எவ்வளவு சுழற்றியும் எஞ்சின் எடுக்கவில்லையா? முன் காக்பிட் சுவிட்ச்களைப் பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டிரண்டு. ஒரு காக்பிட்டில் அணைந்திருந்தாலே மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) வேலை செய்யாது. நுணுக்கமாகச் செய்த மாடல்களில் இதுவும் இருக்கிறது.

எஞ்சின் எடுத்ததும் ஆயில் பிரஷர் 30 வினாடிக்குள் ஏற வேண்டும். 800–1000 ஆர்.பி.எம்மில் நாலு நிமிடம் சூடேற்றி, 1600-ல் மேக்னெட்டோ சோதனை.

* * *

டேக்-ஆஃப் பற்றி ஒன்று. ஜிப்ஸி மேஜர் எஞ்சின் காக்பிட்டிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் மூக்கு வலப்பக்கம் ஓடும். இடது ரட்டர் வேண்டும். அமெரிக்க விமானங்களில் பழகிய கால் வலது பெடலைத்தான் தேடும், விமானம் சுழன்று புல்லில் நிற்கும். த்ராட்டிலை மூன்று வினாடியாவது எடுத்து மெதுவாகத் திறங்கள். வாலைத் தூக்கும்போது இழுப்பு இன்னும் கூடும். வால் வெடுக்கென்று எழுந்தால் மூக்கும் வெடுக்கென்று திரும்பும். ஏறும் வேகம் மணிக்கு 66 மைல்.

* * *

டாக்ஸியில் (தரையில் ஓட்டிச் செல்லும்போது) நேராகப் போகாதீர்கள், முன்னால் எதுவும் தெரியாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போக வேண்டும். திரும்ப முழு ரட்டர், ஒரு குட்டி த்ராட்டில் உதை. அவ்வளவுதான்.

* * *

யாரும் பேசாத விஷயம்: ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) கீழ் இறக்கைகளில் மட்டும்தான். ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் வலது பக்கம் போகும். ரட்டரும் ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். நிஜ காக்பிட்டில் விமானம் பக்கவாட்டில் வழுக்கினால் ஒரு கன்னத்தில் காற்று அடித்துச் சொல்லிவிடும். திரையில் அந்த வசதி இல்லை, வழுக்கலைக் காட்டும் ஸ்லிப் முள்ளைத்தான் நம்ப வேண்டும். ட்விஸ்ட் ஜாய்ஸ்டிக் (முறுக்கினால் ரட்டர் அசையும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: முறுக்கும்போதே கை கொஞ்சம் பக்கவாட்டிலும் சாயும். ட்விஸ்ட் அச்சுக்குச் சிறு டெட் ஸோன் (சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வையுங்கள். முடிந்தால் பெடல் வாங்கிவிடுங்கள்.

* * *

லேண்டிங்குக்கு வேகம் மணிக்கு 58–60 மைல். 70-ல் வந்தால் மிதந்துகொண்டே போகும், பொறுமையிழந்து ஸ்டிக்கைத் தள்ளினால் சக்கரம் முட்டித் துள்ளும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே இருங்கள். வேகம் 45 மைல் அளவுக்குக் குறையும்போது தானே உட்காரும், இரண்டு சக்கரமும் சறுக்குக் கட்டையும் ஒன்றாக. பெரிதாகத் துள்ளினால் சரிசெய்யப் பார்க்காமல் த்ராட்டிலைத் திறந்து மறுசுற்று போங்கள். பழகும்வரை பக்கக் காற்றை சுழியம் ஆக்கி, எதிர்க்காற்று 8 நாட் வையுங்கள்.

உட்கார்ந்ததும் காலைத் தளர்த்தாதீர்கள். வேகம் குறையக் குறைய ரட்டருக்குப் பிடி போய்விடும். பெரும்பாலும் அந்தக் கடைசி 20 மைல் வேகத்தில்தான் விமானம் சுழல்கிறது. ஸ்டிக்கை வயிற்றோடு அணைத்து வையுங்கள், சறுக்குக் கட்டை புல்லைக் கிழித்து நிறுத்தும்.