ரெக்ரஷனுக்குத் தமிழ்: பின்னடைவா, மாற்றவழுவா?

காரைக்குடியிலிருந்து, கணினியியல் ஆசிரியை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில் வழுக்களைக் கண்டறிந்து திருத்தும் முறையைப் பற்றி எங்கள் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதி வருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நிரலில் உள்ள பிழையான பக் என்பதற்கு வழு, நிரலில் செய்யும் மாற்றத்தைத் தாங்கிவரும் பேட்ச் என்பதற்கு ஒட்டு என்று முன்பே இக்குழுவில் பேசி முடித்ததை அப்படியே எடுத்துக்கொண்டோம். கர்னலைக் கர்னல் என்றே விட்டிருக்கிறோம்; அந்தப் பழைய விவாதத்தை இப்போது திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரெக்ரஷன் என்ற சொல்லில்தான் நிற்கிறோம். முந்தைய கர்னல் பதிப்பில் ஒழுங்காக ஓடிய ஒன்று, அதே அமைப்புகளோடு உருவாக்கிய புதிய பதிப்பில் ஓடாமல் போனாலோ, முன்னைவிட மோசமாக ஓடினாலோ அதற்கு அந்தப் பெயர். புள்ளியியல் பாடநூல்களில் இதே ஆங்கிலச் சொல்லுக்குத் தொடர்புப் போக்கு என்று இருப்பது இங்கே உதவாது. வரைவில் இப்போதைக்குப் 'பின்னடைவு' என்று போட்டிருக்கிறேன். ஆனால் தேர்தல் செய்தியிலும் வழக்குச் செய்தியிலும் அன்றாடம் அடிபடும் அந்தச் சொல்லை ஒரு துல்லியமான பொருளுக்கு ஆளலாமா என்ற ஐயம் தீரவில்லை. கர்னலோடு வரும் ஆவணங்களைச் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் ஆக்கியவர்கள் மூலநிரலுடனேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழும் ஒருநாள் அங்கே போகும் என்ற எண்ணத்தில்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு யோசிக்கிறோம்.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள அம்மா,

வழு என்ற சொல்லை நிலைநிறுத்தியிருப்பது மகிழ்ச்சி. அந்தச் சொல்லுக்குள்ளேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே" என்று நன்னூல் வழுவை ஏழாகப் பிரிக்கிறது. அவற்றுள் பொழுது மயங்குவது காலவழு. நேற்று வருவான் என்பதில் சொற்கள் தனித்தனியே குற்றமற்றவை. காலத்தோடு சேரும்போதுதான் வழு பிறக்கிறது. நேற்று சரியாக இருந்து இன்று தவறாகிப்போன நிரலும் காலத்தால் வழுப்பட்டதுதான். ஆகவே 'காலவழு' என்பது என் முதல் பரிந்துரை.

அது பொருந்தாது என்றால் விகாரங்களின் பக்கம் போகலாம். தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்களை இலக்கணம் சொல்கிறது. நிரலில் புதிதாக ஒரு வசதி சேர்வது தோன்றல். இருந்தது வேறொன்றாக மாறுவது திரிதல். இருந்தது இல்லாமற்போவது கெடுதல். இந்த மூன்றாவதைக் கொண்டு 'கெடல்' என்றே சொல்லலாம். புணர்ச்சியில் கெடுதல் என்பதற்கு மறைதல் என்றுதான் பொருள் என்பதை அறிவேன். ஆயினும் மோட்டார் கெட்டுப்போயிற்று என்று இன்றும் ஊரெல்லாம் சொல்வதால், இலக்கணப் பொருளும் வழக்குப் பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடுகின்றன. கடிசொல் இல்லைக் காலத்துப் படினே என்ற தொல்காப்பியர் இதைத் தடுக்க மாட்டார்.

பள்ளத்தூரிலிருந்து, நிரலாளர்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

காலவழு நல்ல சொல். அதனாலேயே அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது என்று சொல்ல விரும்புகிறேன். கர்னலில் இரண்டு செயல்கள் ஒரே நினைவகப் பகுதியை ஒரே நேரத்தில் தொட முந்தும்போது, எது முதலில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிவிடும் ஒரு வழு வகை உண்டு. ஆயிரம் முறை ஒழுங்காக ஓடிவிட்டு ஒருமுறை மட்டும் கவிழும். பொழுது மயங்குவதால் பிறக்கும் வழு உண்மையில் அதுதான். காலவழுவை அதற்கென்று வைத்துவிடுவோம்.

'கெடல்' வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. அது விளைவை மட்டும் சொல்கிறது. எதனால் கெட்டது என்பதைச் சொல்லவில்லை. கர்னல் உருவாக்கத்தில் இந்தக் குற்றத்துக்குத் தனிப்பெயர் ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

லினக்ஸ் கர்னல் ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. முதல் இரண்டு வாரங்களில் புதிய வசதிகளைச் சேர்க்கிறார்கள். அதன்பிறகு வாரம் ஒரு முன்வெளியீடாகத் திருத்தங்கள் மட்டுமே சேர்கின்றன. ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் புகுந்துவிடும். இப்படி ஒரு மாணவரின் மடிக்கணினி முந்தைய கர்னலில் உறக்கத்திலிருந்து எழுந்ததும் வைஃபையைப் பிடித்துக்கொண்டது, புதியதில் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வைஃபை இயக்கியின் ஒரு வரியைக்கூட அவர் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று, நிரலின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் கருவியிடம் சொன்னால், அது நடுவிலுள்ள ஒரு மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். அந்த நிலையில் கர்னலைக் கட்டி, ஏற்றி, மடிக்கணினியை உறங்கவைத்து எழுப்பிப் பார்த்து, நல்லது என்றோ கெட்டது என்றோ பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் மிச்சம் பாதியாகும். 16,384 மாற்றங்கள் இருந்தாலும் 14 முறை கட்டிப் பார்த்தால் குற்றவாளியான ஒரே ஒரு மாற்றம் கையில் நிற்கும்.

அதைத் திருத்தி அனுப்பும் ஒட்டிலும் 'இன்ன மாற்றத்தின் குற்றத்தை இது திருத்துகிறது' என்று தனியே ஒரு வரி எழுதுவது மரபு. பழைய மாற்றத்தின் அடையாளக் குறியில் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் அந்த வரியில் இருக்கும். முன்பே வெளியாகித் திருத்தங்களை மட்டும் பெற்றுவரும் நிலைப்பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் எந்தப் பழைய வரிசைவரை இந்த ஒட்டு போக வேண்டும் என்று அறிகிறார்கள். ஆக, இந்த வகை வழுவின் உயிரே அதைக் கொண்டுவந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அதனால் 'மாற்றவழு' என்று முன்மொழிகிறேன். மாற்றத்தால் வந்த வழு என்று விரியும். மகரம் கெட்டு மரவேர் போலப் புணர்ந்துவிடும்.

கண்டனூரிலிருந்து

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வட்டிக்கடைக் கணக்கில் ஐந்தொகை எடுக்கும்போது எங்காவது உதைத்தால், கடைசியாக ஒத்துவந்த நாளை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்கும் உதைத்த நாளுக்கும் நடுவிலுள்ள பேரேட்டுப் பக்கங்களைப் புரட்டி 'எங்கே பிசகியது' என்று தேடுவார்கள். பள்ளத்தூர்த் தம்பி சொல்வது அதே வேலைதான். 'பிசகு' என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதை ஏன் எடுக்கக் கூடாது?

தேவகோட்டையிலிருந்து

கண்டனூர் அன்பர் சொன்ன காட்சி அருமை. ஆனால் பிசகு என்பது எல்லாத் தவறுக்கும் பொதுவான பேச்சுச் சொல். வழுவும் இருக்க, அதன் பக்கத்தில் பிசகும் இருந்தால், எது எந்த இடத்துக்கு என்று மாணவர் குழம்புவார்.

எளிமை என்ற பெயரில் கையில் கிடைத்ததை எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நம் மகிபாலன்பட்டியில் பிறந்த பண்டிதமணி கதிரேசச் செட்டியார், மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்துக்கு 'மண்ணியல் சிறுதேர்' என்று பெயரிட்டார். அதில் கடினமான சொல் ஒன்றுமில்லை. மண்ணும் சிறுமையும் தேரும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் சொல் புத்தம் புதியது. மூலத்தின் பொருள் ஒரு துளியும் சிந்தவில்லை. தூய்மைக்கும் தெளிவுக்கும் பகையில்லை என்பதற்கு அந்த ஒரு தலைப்பே போதும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மாற்றவழுவிலும் ஒரு குறை தெரிகிறது. மாற்றத்தால் வந்த வழு என்றும் மாற்ற வேண்டிய வழு என்றும் இரண்டு வகையாக அதை விரிக்கலாம். மேலும், முன்பு சரியாக இருந்தது என்ற செய்தி அதில் இல்லை. 'மீள்வழு' என்றால் என்ன?

பள்ளத்தூரிலிருந்து

ஐயா, மீள்வழுவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பெயர் பொருந்தும் நிகழ்ச்சி வேறு ஒன்று இருக்கிறது. 2016இல் டர்ட்டி கவ் என்று பெயர்பெற்ற பாதுகாப்பு ஓட்டை திருத்தப்பட்டபோது, பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே தாம் அதைத் திருத்த முயன்றதாகவும், எஸ்390 வகைப் பெருங்கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் விலக்கப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஒட்டின் குறிப்பிலேயே எழுதினார். திருத்தப்பட்டுப் பிறகு மீண்டும் உள்ளே வந்தது அது. அதை மீள்வழு என்றால் தகும். நாம் பேசுவது பெரும்பாலும் இதுவரை இல்லாத, புதிதாகப் பிறந்த வழு. அதற்கு மீள்வழு என்று பெயரிட்டால், வழுவை எங்கே தேட வேண்டும் என்பதையே மாணவருக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவோம்.

இன்னொரு சொல்லை உங்களிடமே கேட்க வேண்டும். கர்னலில் பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது முதல் விதி. பழைய வழு ஒன்றையே நம்பி ஒரு பயனர் நிரல் நெடுநாள் ஓடிவந்திருந்தால், அந்த வழுவைத் திருத்துவதே அந்நிரலை உடைத்துவிடும். அப்போது திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வழுவை அப்படியே இருக்க விடுகிறார்கள். இதற்கு என்ன பெயர் சொல்லலாம்?

தேவகோட்டையிலிருந்து

வழுவமைதி. யோசிக்கவே வேண்டியதில்லை, தம்பி. உவப்பினால் ஒருவன் தன் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று அழைத்தால் அது திணைவழுதான். ஆயினும் காரணம் கருதி இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. வழு என்று தெரிந்தும், தக்க காரணத்தால் அமைத்துக்கொள்வதுதான் வழுவமைதி. நீங்கள் சொன்ன விதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா என்று எனக்கு ஐயமே. மீள்வழுவை விலக்கிக்கொள்கிறேன்.

காரைக்குடியிலிருந்து, ஆசிரியை

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. காலவழு, வழுவமைதி இரண்டையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன். கேட்ட சொல் கிடைக்கும் முன்னரே கேட்காத இரண்டு கிடைத்துவிட்டன.

மாற்றவழுவை வகுப்பில் எழுதிப் போட்டு விளக்கினேன். புரிந்தது. ஆனால் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. புதிய கர்னலில் எல்லாம் சரியான விடையையே தருகிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது. அல்லது மின்கலம் முன்னைவிட விரைவில் தீர்கிறது. இதை வழு என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள். கர்னல் ஆவணங்களின்படி, வேறுபாடு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் வேகம் குறைவதும் மின்செலவு கூடுவதும் ரெக்ரஷன்தான். 'வேகப் பின்னடைவு' என்றால் நாக்கில் இயல்பாக வருகிறது. 'வேக மாற்றவழு' என்பதை இரண்டு முறை படித்தாலும் பொருள் பிடிபடவில்லை. பின்னடைவு என்ற சொல்லில், முன்பு இதைவிட நல்ல இடத்தில் இருந்தோம் என்ற செய்தியும் இருக்கிறது. மாற்றவழுவில் ஐயா சொன்ன குறை அங்கே இல்லை.

செய்தித்தாள் வழக்கைப் பற்றி நான் எழுப்பிய ஐயம் அப்படியேதான் இருக்கிறது. ஆயினும் கர்னல் பின்னடைவு என்று அடைகொடுத்து எழுதினால் யாரும் தேர்தலை நினைக்க மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு, ஏறாத கணினியின் முன்னால் உட்கார்ந்து பிழையறிக்கை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லின் புணர்ச்சியை விரித்துப் பார்க்க நேரமிருக்காது.

கண்டனூரிலிருந்து

பின்னடைவுக்கே என் ஆதரவு. பிசகை நான் வற்புறுத்தவில்லை.

தேவகோட்டையிலிருந்து

கெடல் என்பதில் எனக்கு இன்னும் பற்று உண்டு. ஆனால் அச்சுக்குக் கெடு நெருங்கிவிட்டதால் பின்னடைவை மறுக்கவில்லை. அருஞ்சொற்பட்டியலில் மாற்றவழுவையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். வேகம் பற்றிய வாதத்துக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. ஆயினும் என் மாறுபாட்டைப் பதிவு செய்துவைக்க விரும்புகிறேன். பின்னடைவு என்றால் அது தானாக நேர்ந்ததுபோல ஒலிக்கிறது. கர்னல் தானாகப் பின்னால் போவதில்லை. யாரோ ஒருவர், பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடு, தம் பெயரைக் கையொப்பமாக இட்டு அனுப்பிய ஒரு மாற்றம்தான் அதைத் தள்ளியிருக்கிறது. அந்த மாற்றத்தைத் தேடிப் பிடிப்பதுதான் மாணவர் கற்க வேண்டிய வேலை. எனவே கையேட்டில் பின்னடைவு என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்திலேயே, 'இதைக் கொண்டுவந்த மாற்றம் எது?' என்ற கேள்வியையும் அச்சிடுங்கள், அம்மா. பட்டியலில் வரும் ஒரு வரியைவிட எனக்கு அதுதான் முக்கியம். நான் எழுதும் ஒட்டுக் குறிப்புகளில் மாற்றவழு என்றே தொடர்வேன்.