சிலிண்டர் கனக்கிறது, ஆனால் தீ வரவில்லை – அவசரம்

மலைச்சாரல்: சாம்பார் பாதி கொதிக்கும்போதே தீ இறங்கிவிட்டது. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே நன்றாகத் தளும்புகிறது. ரெகுலேட்டர் மாற்றியும் அப்படியேதான். நாளைக் காலை 150 பேருக்கு டிபன், யாராவது வழி சொல்லுங்கள்.

கரண்டி: எந்த ஊர்? எத்தனை கிலோ சிலிண்டர்? எத்தனை பர்னர்?

நீலச்சுடர்: டியூபில் அடைப்பு. எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது, உடனே மாற்றுங்கள்.

பழையவர்: திண்மம், திரவம், வாயு எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். தளும்புவது திரவம், எரிவது வாயு. இதைக்கூட யோசிக்காமல் கேள்வி போடாதீர்கள்.

மலைச்சாரல்: ஊட்டி. 19 கிலோ. மூன்று பெரிய பர்னர், ஒரே சிலிண்டரில், வெளியே ஷெட்டில். அப்புறம், சிலிண்டரின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கிறது, தொட்டால் விரல் மரத்துப்போகிறது, மேலே ஒன்றும் இல்லை.

கரண்டி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பனி நிற்கிற கோடுதான் உள்ளே திரவத்தின் மட்டம். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைத் தன்னிடமிருந்தும் இரும்புச் சுவரிலிருந்தும்தான் எடுக்கிறது. மூன்று பர்னர் இழுக்கிற வேகத்துக்கு வெளிக்காற்றால் சூடு கொடுத்து மாளவில்லை. சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் கலந்தது. புரொப்பேன் -42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்கு -0.5. முதலில் புரொப்பேன்தான் அதிகம் போகும், மிஞ்சுகிற பியூட்டேன் இந்தக் குளிரில் அசையாது.

நீலச்சுடர்: அப்போது படுக்க வைத்தால் வருமே? இல்லையென்றால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள்.

கரண்டி: தயவுசெய்து இரண்டும் வேண்டாம். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும், வெளியே விரிந்தால் ஏறக்குறைய 250 மடங்கு வாயு. தீ பாய்ந்துவிடும்.

பழையவர்: வாயு என்பதே தவறு, ஆவி. புரொப்பேனின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத வெப்பநிலை, சுமார் 97 டிகிரி. அதற்குக் கீழே இருந்தால் ஆவி என்றுதான் சொல்ல வேண்டும்.

நீலச்சுடர்: ஐயா, முதலில் நீங்களும்தான் வாயு என்று எழுதினீர்கள். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

பழையவர்: அது சின்னப் பிள்ளைகளுக்காக. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், 374 டிகிரி வரை நீராவிதான்.

கரண்டி: அதை வேறு இழையில் பேசுங்கள், அவருக்கு நாளை சமையல். தம்பி, இன்னொரு சிலிண்டர் வாங்கி பர்னர்களைப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் மெதுவாக இழுத்தால் குளிர்வதும் குறையும். கேஸ் ஏஜென்சி ஆளை வைத்தே மாட்டுங்கள். தரைக்குக் கீழான அறையில் வைக்காதீர்கள், இந்த ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கும்.

நீலச்சுடர்: டியூபையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மலைச்சாரல்: இரண்டாகப் பிரித்தோம் அண்ணா, தீ நின்று எரிந்தது. பொங்கல் ஏழு மணிக்கே இறக்கிவிட்டோம். நன்றி.