இரண்டு 375 மாத்திரை சேர்ந்தால் ஒரு 625 மாத்திரை ஆகுமா?

வணக்கம். குழுவில் மருத்துவர்களோ மருந்தாளுநர்களோ இருந்தால் கொஞ்சம் பாருங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, கன்னம் பந்தாக வீங்கிவிட்டது. பல் மருத்துவர் அமாக்சிசிலின், கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த 625 மில்லிகிராம் ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று வேளையும் ஐந்து நாளைக்கு எழுதித் தந்தார். கடையில் 625 இல்லையாம். “375 இருக்கிறது, இரண்டிரண்டாகப் போடுங்கள், எல்லாம் ஒன்றுதான்” என்று கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 375 என்பது அமாக்சிசிலின் 250 மில்லிகிராம், கிளாவுலனிக் அமிலம் 125. 625-இலும் அந்த 125 அப்படியேதான், அமாக்சிசிலின் மட்டும் 500. அப்படியானால் இரண்டு போடும்போது கிளாவுலனிக் அமிலம் இரட்டிப்பாகிறதே! வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அதுதான். நேற்றிலிருந்து அப்பாவுக்கு நான்கு முறை வயிற்றுப்போக்கு. ரத்தமோ காய்ச்சலோ இல்லை.

பெரிய கவலை வேறு. இதய வால்வு அறுவைக்குப் பின் அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். பல் மருத்துவரிடம் அதைச் சொல்ல மறந்தது என் பிழை. வார்ஃபரினும் இந்த ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறக்கூடும் என்று படித்தேன். இன்று காலை பல் துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம், சீழினாலா, இதனாலா?

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பல் மருத்துவர், இதய மருத்துவர் இருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. மாத்திரை எதையும் நானாக நிறுத்தவில்லை. மதியத்துக்குள் பதில் வராவிட்டால் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போகிறேன். மதுரை அண்ணா நகர்ப் பக்கம் இன்று ஐ.என்.ஆர். பார்க்கும் பரிசோதனைக் கூடம் தெரிந்தால் சொல்லுங்கள்.