நம்ம வீடு குழு: தாத்தாவின் சப்பர் கம்பெனியைத் தேடி

கலா: அப்பாவோட பட்டாளக் காகிதம், மெடல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து மேல போட்டிருக்கேன். இரண்டாம் உலகப்போர்ல மிலிட்டரி எஞ்சினியரா இருந்தார்னு மட்டும்தான் நமக்குத் தெரியும். எந்த வருஷம் எங்க இருந்தார்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

சேகர்: இருக்கு அக்கா. ஆனா "மிலிட்டரி எஞ்சினியர்"னு மட்டும் எழுதி எங்கயும் மனு போட்டுடாதீங்க. சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்ங்கிற எஞ்சினியர் படையிலயே மூணு குரூப்: மதராஸுக்கு பெங்களூர், பெங்காலுக்கு ரூர்க்கி, பம்பாய்க்கு கிர்க்கி. வண்டி, பீரங்கி ரிப்பேர் பார்த்தவங்க 1943ல ஆரம்பிச்ச ஐ.இ.எம்.இ., அவங்க ரெக்கார்டு செகந்திராபாத். கூலி வேலை பார்த்த பயனியர் கோர் தனி. எம்.இ.எஸ்.னா பாரக்ஸ், தண்ணி, கரண்ட் பார்க்கிற இலாகா, அதுல சிவிலியனும் உண்டு. ஆபீஸ் மாறிப் போச்சுன்னா "இப்பெயரில் பதிவு இல்லை"ன்னு பதில் வரும். அதோட பல குடும்பம் தேடுறதையே விட்டுடுது.

ரேவதி: டிஸ்சார்ஜ் பேப்பர்ல சப்பர்ஸ்னே இல்லையே சித்தப்பா. ஆர்.ஐ.இ.ன்னு போட்டிருக்கு.

சேகர்: 1946ல ராயல் இந்தியன் எஞ்சினியர்ஸ்னு பேர் வந்துச்சு. பெரியப்பா வெளிய வந்தது அதுக்கப்புறம். பெங்களூர் முத்திரை இருக்கு பாரு, மதராஸ் குரூப்தான். பேப்பர்ல ரெண்டு விஷயம்தான் உயிர்: ஆர்மி நம்பர், கம்பெனி நம்பர். கம்பெனி "12 எஃப்.டி. கோய்"னு தெளிவா இருக்கு. 12 ஃபீல்டு கம்பெனி. ஆர்மி நம்பர்ல கடைசி இலக்கம் மடிப்புல போயிருக்கு.

முருகன்: 3ஆ 8ஆன்னு தெரியல மாமா. பேப்பரை வெயில்ல சாய்ச்சு வச்சு எடுத்துப் பார்க்கவா?

சேகர்: சாய்ந்த வெளிச்சம் சரி, நேர் வெயில் வேண்டாம், மசி மங்கிடும். ஜன்னல் ஓரம் போதும். லேமினேட் மட்டும் பண்ணிடாதே. அப்படியும் தெரியலைன்னா வட்ட மெடலோட விளிம்பைப் பாரு. இந்தியப் படைக்குக் கொடுத்த வட்ட மெடல் சிலதுல நம்பரும் பேரும் அடிச்சிருக்கும்.

கலா: கறுத்துப்போயிருக்கு. புளி போட்டுத் தேய்க்கட்டுமா?

சேகர்: வேண்டவே வேண்டாம் அக்கா. விளிம்புல இருக்கிற எழுத்துதான் முதல்ல தேயும். மெல்லிய காகிதத்தை விளிம்புல சுத்தி பென்சிலால லேசா உரசினாலே எழுத்து ஏறும்.

ரேவதி: அத்தை, நட்சத்திரம் மூணும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும். நடு வளையத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. ரிப்பனை நம்ப வேண்டாம், மாத்திக் கோத்திருப்பாங்க.

கலா: 1939-1945 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார். ஆப்பிரிக்கா ரிப்பன்ல சின்னதா 8ன்னு ஒரு தகடு.

ரேவதி: அந்த 8 ரொம்பப் பெரிய தடயம்! ஆப்பிரிக்கா ஸ்டார் மட்டும் இருந்தா எரித்ரியாவா, பாலைவனமானு சொல்ல முடியாது, ரெண்டுக்கும் கொடுத்திருக்காங்க. 8ன்னா 1942 அக்டோபர் 23க்கும் 1943 மே 12க்கும் நடுவுல பிரிட்டிஷ் எட்டாவது ஆர்மியில இருந்திருக்கணும். 12 ஃபீல்டு கம்பெனி 4வது இந்திய டிவிஷன்ல இருந்தது, அந்த டிவிஷன் எட்டாவது ஆர்மியோடதான் துனீசியாவுக்குப் போச்சு. பேப்பரும் மெடலும் பொருந்துது.

சேகர்: அதே டிவிஷன்ல பெங்கால் 4, பம்பாய் 21, ரெண்டும் ஃபீல்டு கம்பெனி. 11 ஃபீல்டு பார்க் கம்பெனியும் நம்ம மதராஸ்தான். ஃபீல்டு கம்பெனி முன்னணியில கண்ணிவெடி எடுக்கும், ரோடு போடும், பாலம் கட்டும். பார்க் கம்பெனி பாலச் சாமான், ஸ்டோர், ஒர்க்‌ஷாப். தொழில் "கார்பென்டர்"னு இருக்கிறதால பின்னாடி பட்டறையில இருந்தார்னு முடிவு கட்டிடாதீங்க, ஃபீல்டு கம்பெனியிலயும் ஆளுக்கு ஒரு தொழில் உண்டு. பார்க் கம்பெனிக்கும் ஆபத்து குறைச்சல் இல்ல. 1944 பிப்ரவரி 24ல இத்தாலி மிஞ்ஞானோவுல கண்ணிவெடி வெடிக்கப் போறது தெரிஞ்சு, கூட இருந்தவங்களைக் காப்பாத்த அது மேலயே விழுந்து உயிரைக் கொடுத்த சுபேதார் சுப்பிரமணியன் 11 ஃபீல்டு பார்க் கம்பெனிதான். ஜார்ஜ் கிராஸ் வாங்கினவர். இந்தக் கம்பெனிகள் பேர் நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்.

முருகன்: இப்ப பெங்களூருக்கு எழுதினா முழு ஃபைலும் வருமா மாமா?

சேகர்: அதை எதிர்பார்க்காதே. போர்க்காலத்துல சேர்ந்து 1946, 47ல வீட்டுக்கு வந்தவங்களுக்கு பென்ஷன் சர்வீஸ் கிடையாது. பென்ஷன் இல்லாதவங்க ஷீட் ரோலை, அதாவது ஆளோட முழு சர்வீஸ் விவரத் தாளை, 25 வருஷம் வச்சிருந்து அழிச்சுடறது விதி. ஆனா லாங் ரோல் நிரந்தரப் பதிவு, அதை அழிக்கிறதில்ல. நம்பர், பேர், சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி, காரணம் அதுல கிடைக்கும். அதனால "சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்"னு எழுதாம, "லாங் ரோல் பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும்"னு பேர் சொல்லிக் கேட்கணும். சர்வீஸ் ரெக்கார்டுன்னு கேட்டா "அழிக்கப்பட்டது"ன்னு ஒரு வரியில முடிஞ்சுடும்.

சேகர்: மனு ரெக்கார்ட்ஸ், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், பெங்களூருக்கு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, டிஸ்சார்ஜ் பேப்பர் நகல் சேர்த்து ரிஜிஸ்டர் தபால். பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோட மனு, 30 நாள் கெடு. அழிச்சாச்சுன்னு சொன்னா அழித்த உத்தரவோட நகலையும் கேட்கலாம்.

ரேவதி: பேரை மூணு நாலு விதமா எழுதிக் கொடுங்க. அப்ப இனிஷியல் இருக்காது, அப்பா பேர் தனிக் கட்டத்துல இருக்கும். குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருப்பார்.

சேகர்: ஊரும் அப்படித்தான். இன்னைக்கு நாம கிருஷ்ணகிரி மாவட்டம், அன்னைக்கு சேலம் ஜில்லா. திருவண்ணாமலைப் பக்கம்னா வட ஆற்காடு. திருத்தணி 1960 வரைக்கும் சித்தூர் ஜில்லா. பழைய ஜில்லா, தாலுகா பேரையும் சேர்த்து எழுதணும்.

கலா: அம்மாவுக்கு இரண்டாம் உலகப்போர் உதவித்தொகை வந்துக்கிட்டிருந்துச்சே, அது எதுக்காவது உதவுமா?

சேகர்: அட, அதுதான் முதல்ல பார்க்க வேண்டிய இடம்! மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல அந்த ஃபைல் இருந்தா, அப்ப கொடுத்த டிஸ்சார்ஜ் நகல் மடிப்பு விழாம இருக்கும். அந்த 3, 8 அங்கேயே தீர்ந்துடும். பெங்களூர் மனு அதுக்கப்புறம்.

ரேவதி: எங்க என்ன செஞ்சாங்கன்னு தெரிய கம்பெனியோட வார் டைரி, அதாவது போர்க்கால நாட்குறிப்பு வேணும். அது லண்டன் கியூவுல நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு. மிடில் ஈஸ்ட்னா டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 169ங்கிற ஃபைல் வரிசை, பர்மாவா இருந்திருந்தா 172. இத்தாலிக்கு எந்த வரிசைன்னு கேட்டலாக்ல பார்த்துக்கறேன். வருஷத்துக்கு வருஷம் தனி ஃபைல். ரீடர் டிக்கெட் வாங்கிட்டா நம்ம கேமராவுலயே இலவசமா எடுக்கலாம், நான் போய் எடுக்கறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்றேன் அத்தை: டைரியில ஆபீசர் பேர் வரும், சப்பர் பேர் அபூர்வம். தாத்தா பேரைத் தேடாம, அன்னைக்கு கம்பெனி எங்க இருந்துச்சுன்னு படிக்கணும். 12ங்கிற டைரி மெலிசா இருந்தா டிவிஷனோட எஞ்சினியர் தலைமை அதிகாரியான சி.ஆர்.இ.யோட டைரியையும் எடுப்பேன், மூணு ஃபீல்டு கம்பெனிக்கும் வேலை பிரிச்சுக் கொடுத்தது அதுலதான் இருக்கும்.

முருகன்: பேப்பர் பின்பக்கம் "டி.ஓ.எஸ்.", "எஸ்.ஓ.எஸ்.", "சி.எம்.எஃப்."னு தேதியோட இருக்கு.

சேகர்: முதலாவது கம்பெனிக் கணக்குல சேர்த்த தேதி, அடுத்தது கணக்குல இருந்து எடுத்த தேதி. சி.எம்.எஃப். இத்தாலிப் பக்கத்துப் படை. முருகா, அந்தத் தேதி எல்லாத்தையும் ஒரு தாள்ல வரிசையா எழுதி ரேவதிக்கு அனுப்பு. நடுவுல எஸ்.ஓ.எஸ். விழுந்து ஆஸ்பத்திரியோ டிப்போவோ போயிருந்தா, அந்த மாசத்து 12 கம்பெனி டைரி பெரியப்பாவோடது இல்ல.

ரேவதி: தாள் வந்ததும் அந்தந்த வருஷ ஃபைலை மட்டும் முன்கூட்டியே ஆர்டர் போட்டுடறேன்.